ஓடாத கை

என் தங்கைக்கும் எனக்கும் முழுதாக ஒரு வயது வித்தியாசம் கிடையாது. வருடத்தில் சில வாரங்கள் இருவரும் ஒரே வயதில் இருப்போம். அந்த வாரங்களை அவள் பெருநாள் மாதிரிக் கொண்டாடுவாள். "காக்கா" என்று கூப்பிட மாட்டாள், "ஹலோ" என்பாள். எங்கள் காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் சொல்வது. வாப்பாவின் வேலைக்காக நாங்கள் இருந்த சவூதியின் யான்புவில் எங்கள் வகுப்பில் வேறு தமிழ்ப் பிள்ளைகள் இல்லாததால் அந்தப் பறவையின் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த சில சௌகரியங்களில் அது ஒன்று.

அவள்மேல் பொறாமை வரும் என்று பன்னிரண்டு வயது வரை நான் நினைத்ததே இல்லை. பொறாமைப்பட என்ன இருந்தது? கணக்கில் நான் முந்தி, ஓட்டத்தில் நான் முந்தி. ஓதுவதில் மட்டும் அவள். அதை நான் போட்டியில் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நான் விக்கெட் கீப்பர்.

வாப்பா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். வெள்ளிக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள், ஸ்டோர் கிடங்குக்குப் பக்கத்திலிருந்த கார் நிறுத்துமிடத்தில் கிரிக்கெட் நடக்கும். பாகிஸ்தான் வெல்டர்கள், மலையாளி ஃபோர்மேன்கள், இரண்டு மூன்று சிலோன்காரர்கள், வாப்பா, பிறகு நான். டென்னிஸ் பந்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். அந்தப் பந்தைக் கையை விறைத்துக்கொண்டு பிடித்தால் துள்ளி வெளியே போய்விடும். பந்து வரும்போது கையும் அதோடு கூடவே பின்னால் போக வேண்டும், தூங்கும் குழந்தையை வாங்குகிற மாதிரி. எனக்கு அது யாரும் சொல்லித்தராமலே வந்தது. "க்யா ஹாத் ஹை, பாய்", என்ன கை இது என்று வெல்டர்கள் தலையை ஆட்டுவார்கள். வாப்பா வீட்டுக்கு வந்து உம்மாவிடம், "இவன் கை பஞ்சு. பந்து வந்து உக்கார்ற சத்தமே கேக்கல" என்பார். வாப்பா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னவை அதிகமில்லை. அதனால் அதை நான் நன்றாக ஞாபகம் வைத்திருந்தேன்.

தங்கை அந்தக் கிரிக்கெட்டுக்கு வந்ததில்லை. அத்தனை ஆண்கள் நடுவில் பெண்பிள்ளையைக் கூட்டிப்போவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அவளும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்குத் தூக்கம்தான் பெரிது.

எங்கள் குடியிருப்பின் வேலிக்குள் ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் நிறைய இருந்த காலத்தில் போட்டது. கழிவுநீரைச் சுத்தம் செய்து பாய்ச்சிய புல், சாயங்காலம் ஸ்பிரிங்க்ளர் ஓடும்போது ஒரு மாதிரி மணக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஒப்பந்தங்கள் முடிந்து அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட அணிக்கு ஆள் சேரவில்லை. அதனால் கோச் எங்கள் பள்ளி பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து, யாருக்காவது விளையாட ஆசையா என்று கேட்டார். நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். ஒன்பது பேர் வேண்டும், எட்டுப் பேர்தான் சேர்ந்தோம். "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு. நிக்கச் சொன்னா நிப்பா" என்று சொல்லி அவளை இழுத்து வந்தவனும் நான்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

கோச் ஆலையில் பைப்பிங் சூப்பர்வைசர். முகமெல்லாம் செம்புள்ளி. சூரியகாந்தி விதையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, தோலைத் துப்பிக்கொண்டே பேசுவார். அவர் சொன்னதில் எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. பந்து எறிபவனுக்கு எதிரில், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால், முகத்தில் கம்பிக் கூடும் நெஞ்சில் கவசமும் மாட்டிக்கொண்டு ஒருவன் குந்தி உட்கார்ந்திருப்பான். அவன் பெயர் கேட்சர். மைதானத்திலேயே எல்லோரையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவன் அவன் ஒருவன்தான். ஆட்டத்தை நடத்துகிறவன் அவன் என்றார் கோச். இது விக்கெட் கீப்பர்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடம் எனக்கென்று பிறந்ததிலிருந்தே ஒதுக்கி வைத்திருந்த மாதிரி இருந்தது. முதல் நாள் பயிற்சியில் பந்து மட்டையைத் தாண்டி என் கைக்கு வந்ததும் எழுந்து நின்று அப்பீல்கூடக் கேட்டேன். எல்லோரும் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தின் கடைசியில் நாட்டின் கிழக்குக் கரையில், இன்னொரு எண்ணெய்க் கம்பெனிக் குடியிருப்பில், பல ஊர்ப் பிள்ளைகளுக்கும் போட்டி. விமானத்தில் போக வேண்டும். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். அதற்கு மேல் வயதுப் பிள்ளைகளுக்கென்று யான்புவில் அணி கிடையாது. எனக்கு இருந்தது அந்த ஒரே வாய்ப்பு. கேட்சராகப் போக வேண்டும், வேறு எதுவாகவும் போகக்கூடாது.

அதற்குள் ஒரு கோளாறு நடந்திருந்தது. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். கோச் என் இடத்தில் தங்கையை உட்கார வைத்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது, இனி இரண்டு பேரையும் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றார். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்:

"எனக்கும் அந்த இடம் புடிச்சிருக்கு காக்கா."

"உனக்கு என்ன தெரியும் அதுல?"

"ஒண்ணும் தெரியாது. புடிச்சிருக்கு."

தேர்வு ஒரு வியாழக்கிழமை நடந்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து காற்று கடல் பக்கமிருந்து திரும்பியிருந்தது. வேலிக்கு அப்பால் ஆலைக் குழாயின் உச்சியில் எப்போதும் எரியும் வாயுத் தீ பகல் வெளிச்சத்திலும் தெரிந்தது.

முதலில், தரையில் குத்தி வரும் பந்துகளை உடம்பால் தடுக்க வேண்டும். இது எனக்கு வெள்ளிக்கிழமை வேலை. ஒன்றுகூடப் பின்னால் போகவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், இரண்டு பந்துகள் அவள் காலுக்கு நடுவில் போயின. அடுத்தது, எதிரணி ஓட்டக்காரன், பந்து எறியப்படும் நேரம் பார்த்து, இரண்டாவது 'பேஸ்' என்ற தளத்துக்குத் திருட்டு ஓட்டம் ஓடினால், குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து அங்கே எறிய வேண்டும். என் எறி அம்பு. அவளுடையது வழியில் ஒருதரம் இளைப்பாறிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தது. இரண்டுக்குப் பூஜ்யம் என்று மனதுக்குள் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

மூன்றாவது, வெறுமனே பிடிப்பது. இதில் என்ன இருக்கிறது, பஞ்சுக் கை நமக்கு என்று நினைத்தேன்.

கோச் அதை ஒரு தினுசாக வைத்தார். ஒருவர் பிடிக்கும்போது மற்றவர் அவருக்குப் பின்னால் நின்று நடுவராக இருக்க வேண்டும். மட்டைக்காரனின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில், தரையில் பதித்த வெள்ளைப் பலகைக்கு மேலாகப் பந்து போனால் "ஸ்ட்ரைக்", அது எறிபவனுக்கு லாபம். இல்லாவிட்டால் "பால்", நஷ்டம். யோசிக்கக்கூடாது, பந்து கையில் விழுந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றார். எறிந்தது அவரேதான். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை, எங்களுக்கு நடுவிலும் யாரும் இல்லை.

முதலில் நான் பிடித்தேன், அவள் நின்றாள்.

"பால்."

அது பால் இல்லை. பலகையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு வந்தது, எனக்குத் தெரியும். அடுத்ததும் ஓரம். அதற்கும் "பால்" என்றாள். அடுத்தது சற்றுத் தாழ்வு, முழங்கால் அளவு. "பால்." நான் கம்பிக் கூட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன்.

"பொய் சொல்றே. உனக்கு இந்த இடம் வேணும்னு பொய் சொல்றே."

"நான் பாக்குறதத்தான் சொல்றேன் காக்கா. நீங்க பந்தப் புடிச்சு வெளியில கொண்டு போறீங்க. விருந்தாளியக் கையப் புடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி."

"அப்படித்தான் புடிக்கணும். உனக்குக் கீப்பிங் தெரியுமா?"

"தெரியாது."

கோச் தமிழ் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தோலைத் துப்பிவிட்டு, இடம் மாறச் சொன்னார்.

இப்போது அவள் குந்தினாள், நான் பின்னால் நின்றேன். உள்ளுக்குள் தெளிவாக முடிவு செய்திருந்தேன். மெய்யான ஸ்ட்ரைக்கை ஸ்ட்ரைக் என்று சொல்வேன், கொஞ்சம் சந்தேகமிருந்தாலும் பால். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. அவள் எனக்குக் கொடுத்ததைத்தான் நான் அவளுக்குக் கொடுக்கிறேன்.

முதல் பந்து ஓரத்தில் வந்தது. டப். கையுறை பந்தை வாங்கிய இடத்திலேயே நின்றது, சுவரில் அடித்த ஆணி மாதிரி.

"ஸ்ட்ரைக்" என்றேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஓரம்தானே? அடுத்தது அதைவிடக் கொஞ்சம் வெளியே. டப். கை அசையவில்லை. "ஸ்ட்ரைக்." அடுத்தது முழங்காலுக்குக் கீழே. அதை பால் என்று சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தேன். டப். திறந்த வாயிலிருந்து வந்தது "ஸ்ட்ரைக்." கோச் சிரிப்பை மறைக்கத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவர் வேண்டுமென்றே பலகைக்கு வெளியில் எறிந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் கண் அவள் கையை நம்பியது. அவள் எங்கே நிறுத்தினாளோ அங்கேதான் பந்து வந்தது என்று நம்பியது. நானும் என் பொறாமையும் ஒரு பக்கம் நிற்க, என் வாய் மட்டும் தனியாக அவளுக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

கோச் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். தரையில் குத்துவது எப்போதாவது வரும். திருட்டு ஓட்டமும் எப்போதாவதுதான். ஆனால் பிடிப்பது ஒவ்வொரு பந்துக்கும் உண்டு. என் கை பந்தோடு போகிறது, போகிற வழியில் நல்ல பந்தையும் கெட்ட பந்தாக்கிவிடுகிறது. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் வலது பக்கக் கடைசியில், புல்வெளியில் நிற்கலாம், எனக்கு நல்ல எறி இருக்கிறது.

வலது கடைசி என்பது பந்து வராத இடம். ஆடத் தெரியாதவனை ஒளித்து வைக்கிற இடம் என்று இதற்கு முன் நானே சொல்லியிருக்கிறேன், அங்கே நின்ற ஃபிலிப்பினோ பையனிடம்.

வீட்டில் வாப்பாவிடம் சொன்னபோது அவர் என் பக்கம்தான் நின்றார். "கையப் பின்னால வாங்காமப் புடிச்சா அதுக்குப் பேரு கீப்பிங்கா?" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவர் புகழ்ந்த கையினால்தான் நான் தோற்றிருந்தேன். அதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

உம்மாவுக்குக் கவலை வேறு. போட்டி நடக்கும் ஊரில் பிள்ளைகளை அங்குள்ள குடும்பங்களின் வீடுகளில் பிரித்துத் தங்க வைப்பார்களாம். "தெரியாத வூட்டுல பொம்பளப் புள்ளய எப்படித் தனியா வுடுறது? நீங்க கூடப் போங்க" என்றார் வாப்பாவிடம்.

"ஷட்டவுன் டூட்டி. லீவு மாஃபி" என்றார் வாப்பா, இல்லை என்பதை அரபியில்.

"அப்ப காக்காவும் தங்கச்சியும் ஒரே வூட்டுல தங்கணும். அவன் போனா அவ போவட்டும். அவன் போவலன்னா கலாஸ், முடிஞ்சுது."

வாப்பா என் பக்கம் திரும்பினார். ஆசையாகப் பேசும்போது பிள்ளையையும் வாப்பா என்றே கூப்பிடுவது எங்கள் வழக்கம். "நீ என்ன சொல்றே வாப்பா?"

அந்தக் கேள்வியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. மைதானத்தில் இழந்ததெல்லாம் சோற்றுத் தட்டின் முன்னால் என் கைக்குத் திரும்ப வந்திருந்தது. 'கடைசியில நிக்கிறதுக்கு நான் ஏன் ப்ளேன் ஏறணும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இரண்டு நாள் யோசித்தேன். உண்மையில் யோசிக்கவில்லை, அவள் கெஞ்சுவதற்காகக் காத்திருந்தேன். அவள் கெஞ்சவில்லை. கையுறையின் பள்ளத்தில் ஒரு பந்தை வைத்து, உம்மாவின் பழைய துப்பட்டாவால் கட்டி, மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். கையுறை பந்தின் வடிவத்துக்குப் படிவதற்காகக் கோச் சொல்லிக்கொடுத்தது.

"நான் வரலன்னா என்ன செய்வே?" என்று கடைசியில் நானே கேட்டேன்.

"அழுவேன்" என்றாள். "உங்க முன்னால இல்ல."

நான் போகச் சம்மதித்தேன். நல்ல மனசு என்று உம்மா என் தலையைத் தடவினார். நான் சம்மதித்ததற்கு ஒரே காரணம்தான். அத்தனை பேர் முன்னால் அவள் பந்தைத் தவற விடுவாள், அதை நேரில் பார்க்காமல் இருந்தால் என்னால் தாங்க முடியாது.

அந்த ஊர் மைதானம் எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு அழகு. பச்சைப் பலகையில் ஓட்டக் கணக்கு, மர இருக்கைகளில் மடக்கு விசிறியோடு அமெரிக்கத் தாய்மார்கள். நான் வலது கடைசியில் நின்றேன். அங்கிருந்து எறிபவனின் தோளுக்கு அந்தப்புறம் அவளுடைய கையுறை மட்டும் தெரியும், பழுப்பாக, ஒரு சின்ன வாய் மாதிரி. பந்து போகும், டப், அது அப்படியே நிற்கும், நடுவரின் கை உயரும். மறுபடி. மறுபடி. என்னிடம் ஒரு பந்துகூட வரவில்லை. எனக்கு வேறு வேலையும் இல்லாததால் ஒவ்வொரு பந்துக்கும் பொறாமைப்பட்டேன்.

மூன்றாவது சுற்றில் ஒரு பந்து தரையில் குத்தி அவளைத் தாண்டிப் போனது. ஓட்டக்காரன் ஒருவன் உள்ளே வந்து எதிரணிக்கு ஒரு ஓட்டம் சேர்த்துவிட்டான். நான் எதற்காக விமானம் ஏறினேனோ அது நடந்துவிட்டது. குளிர்ந்த பெப்சியின் முதல் வாய் மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த பந்துக்கே அவள் எதுவும் நடக்காதவள் போலக் குந்தி, கையை நீட்டி, நிறுத்தினாள். முதல் வாயோடு பெப்சி தீர்ந்துவிட்டது.

பிறகு, எதிரணி மட்டையின் ஓரத்தில் பட்ட பந்து ஒன்று அவளுடைய வெறுங்கையின் பெருவிரலில் போய் அடித்தது. அவள் எழுந்து கையை உதறினாள். கோச் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு வலது கடைசியை நோக்கிக் கையை ஆட்டினார்.

நான் மைதானம் முழுவதும் ஓடி வந்தேன். அண்ணன் பதறி ஓடி வருகிறான் என்று அந்தத் தாய்மார்கள் கை தட்டினார்கள். நான் கம்பிக் கூட்டை வாங்க ஓடி வந்தேன்.

அவள் ஒரு கையால் கால் கவசத்தின் பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விரல் வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் வாங்கி மாட்டிக்கொண்டு, கையுறையையும் போட்டுக்கொண்ட பிறகுதான், "வலிக்குதா?" என்றேன்.

"கொஞ்சம். எப்பக் கேப்பீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

இரண்டு சுற்று மீதி இருந்தது, மாற்று ஆள் இல்லாததால் வலது கடைசி காலியாகவே கிடந்தது. குந்தினேன். எல்லோரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், கோச் சொன்ன மாதிரியே. பந்து வந்தது. நல்ல பந்து, ஓரத்தில். கை, கேட்காமலே, பஞ்சு மாதிரி அதோடு போனது. "பால்" என்றார் நடுவர்.

அடுத்தது கிளம்பியதும் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம்:

"நிறுத்துங்க காக்கா!"

கை விறைத்தது. டப். "ஸ்ட்ரைக்."

அதன்பின் அவள் விடவில்லை. ஐஸ் பையை விரலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும், "நிறுத்துங்க, காக்கா, நிறுத்துங்க." சரியாகப் பந்து எறிபவனின் விரலை விட்டுக் கிளம்பும் நேரத்தில். கொஞ்ச நேரத்தில் எங்கள் அணிப் பிள்ளைகள் அதை ஏதோ உற்சாகக் கூச்சல் என்று நினைத்துக்கொண்டு, "காக்கா, காக்கா" என்று சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். எனக்குக் கம்பிக் கூட்டுக்குள் முகம் கொதித்தது. நான் ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என் கையோ அவள் பேச்சைக் கேட்டு வேலை செய்கிறது. வாயை மூடு என்று கத்த நினைத்தேன். மூடிவிட்டால் கை ஓடிவிடும் என்ற பயத்தில் கத்தவில்லை.

ஆட்டத்தில் ஒரு ஓட்டத்தில் தோற்றோம். கோச் எல்லோர் முதுகிலும் தட்டினார், என் முதுகில் இரண்டு தரம். தங்கைக்கு விரல் சரியானால் மறுநாள் அவள்தான் என்று அதே மூச்சில் சொன்னார். நான் பெஞ்சின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்து கால் பட்டைகளை அவிழ்த்தேன். அவள் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"கடைசி மூணு பந்துக்கு நான் ஒண்ணும் சொல்லல. கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. பிள்ளைகளின் கூச்சலில் அவள் குரலும் இருந்தது என்றே நினைத்திருந்தேன்.

"கவனிச்சேன்" என்றேன்.

"பொய்."

பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "மூணும் நின்னுச்சா?"

"ரெண்டு நின்னுச்சு. ஒண்ணு ஓடிருச்சு."

"எது ஓடுச்சு?"

ஐஸ் பையைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "நீங்கதான் கவனிச்சீங்களே" என்றாள்.

திரும்பக் கேட்டேன். விமானத்திலும் கேட்டேன். அவள் சொல்லவே இல்லை.